இனிப்பு பீர் கலவைகள்: வெயிலுக்கு எது, கறிச்சோற்றுக்கு எது?

எட்டுப் பேர் கூடினால் பீரின் கசப்புக்கு முகம் சுளிப்பவர்கள் இரண்டு பேராவது இருப்பார்கள். அவர்களுக்கென்று தனியாகப் பிராந்தி, ரம் என்று ஒரு ஹாட் பாட்டில் வாங்குவதைவிட, வாங்கிய பீரையே இனிப்பாகக் கலந்து கொடுத்தால் செலவும் மிச்சம், போதையும் மட்டு. பொருள் தேடி அலையவும் வேண்டாம். எலுமிச்சை, இஞ்சி, கோலி சோடா, பன்னீர் சோடா, பொவன்டோ, நன்னாரி சர்பத், கோடையில் மாம்பழம் என்று காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் கடைத்தெருவில் எல்லாமே கைக்கு எட்டும். எதை எடுப்பது என்பதில்தான் தடுமாற்றம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். வெயில் தாழ்ந்த பிறகு முகப்பில் உட்கார்ந்து வெறுமனே குடிக்க நன்னாரி–எலுமிச்சை. உப்புக்கறி, மிளகுக்கோழி என்று காரம் வரிசை கட்டும் இலைக்குச் சாதாரண எலுமிச்சை ஷாண்டி, அதாவது பீரும் எலுமிச்சை சோடாவும் கலந்தது. எதையும் பிழியவோ காய்ச்சவோ நேரமில்லை என்றால் பொவன்டோ. இஞ்சி ஷாண்டி அருமையானதுதான், ஆனால் காரத்தோடு வைக்காதீர்கள். மாம்பழம் சீசனில் மட்டும். பன்னீர் சோடா கடைசித் தேர்வு. பீரோடு ஹாட் சேர்த்து இனிப்பாக்கும் கலவைகள் வீட்டுக் கூட்டத்துக்கு வேண்டவே வேண்டாம். ஏன் என்பதைக் கீழே பார்க்கலாம். அதற்கு முன் பீரைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும், ஏனென்றால் பாதிக் கலவைகள் கெடுவது பாட்டிலைத் தேர்ந்தெடுக்கும்போதே.

எந்த பீர்?

டாஸ்மாக்கில் கேட்காமலே கைக்கு வருவது ஸ்ட்ராங்தான். லேபிளில் ஆல்கஹால் 8 சதவீதத்துக்கு மிகாது என்று போட்டிருக்கும். லேகர் என்றோ லைட் என்றோ கேட்டு வாங்குவதில் 5 சதவீதத்துக்கு மிகாது. வித்தியாசம் சின்னதாகத் தெரியும், கணக்குப் போட்டால் அப்படியில்லை. 650 மி.லி. ஸ்ட்ராங் பாட்டிலில் 52 மி.லி. வரை சுத்த ஆல்கஹால் இருக்கும். நம் ஊர் பிராந்தி, ரம் பாட்டில்களில் 42.8 சதவீதம் என்று இருப்பதால், 60 மி.லி. லார்ஜ் ஒன்றில் 25.7 மி.லி. ஆக, ஒரு ஸ்ட்ராங் பாட்டில் இரண்டு லார்ஜுக்குச் சமம். சர்க்கரையும் புளிப்பும் சேர்ந்தால் நாக்கு இதைக் கண்டுபிடிக்காது. இனிப்புக் கலவையில் ஸ்ட்ராங் ஊற்றினால் முதல் வில்லங்கம் அது.

இரண்டாவது, சுவை. ஸ்ட்ராங் பீரில் மால்ட்டின் (முளைகட்டிய பார்லி) தித்திப்பும் ஆல்கஹாலின் சூடும் முன்னால் நிற்கும். அதன்மேல் இன்னும் இனிப்பு ஏற்றினால் திகட்டும். லேகர் மெலிந்தது. எலுமிச்சை, நன்னாரி எதையும் அமுக்காமல் வழிவிடும். "லைட் கூலிங்கா இருக்காண்ணே?" என்று கேட்டுப் பாருங்கள். இல்லையென்று ஸ்ட்ராங்கையே எடுக்க வேண்டிவந்தால் பாதிக்குப் பாதி கலக்காமல் ஒன்றுக்கு இரண்டாகக் கலக்குங்கள். 100 மி.லி. பீருக்கு 200 மி.லி. எலுமிச்சை சோடா. அப்போது டம்ளரில் சுமார் 2.7 சதவீதம் நிற்கும். லேகரைப் பாதிக்குப் பாதி கலந்தால் வரும் 2.5 சதவீதத்துக்கு அது கிட்டத்தட்டச் சமம்.

பாட்டிலின் நிறத்தையும் பாருங்கள். பீருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் பூவின் சேர்மங்கள் வெளிச்சம் பட்டால் உடைந்து, கந்தகம் கலந்த ஒரு நாற்றத்தைக் கிளப்பும். பழுப்புக் கண்ணாடி வெளிச்சத்தை ஓரளவு தடுக்கும். பச்சையும் வெள்ளையும் தடுக்காது. சித்திரை வெயிலில் கடை வாசலில் கிரேட்டோடு காய்ந்த பச்சைப் பாட்டிலை வீட்டுக்கு வந்து எவ்வளவு குளிர வைத்தாலும் அந்த நாற்றம் போகாது. எலுமிச்சையும் அதை மறைக்காது. டின் பீர் கிடைத்தால் இந்தக் கவலையே இல்லை. தயாரித்த தேதியையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். இரண்டு மூன்று மாதத்துக்குள் இருந்தால் நல்லது. பழசானால் ஈர அட்டையின் வாடை வரும்.

குளிர்ச்சியும் கேஸும்

ஷாண்டி ருசிக்கவில்லை என்று சொல்பவர்களிடம் விசாரித்தால், அவர்கள் குடித்தது பெரும்பாலும் கேஸ் போன ஷாண்டியாக இருக்கும். கரியமில வாயு குளிர்ந்த நீரில்தான் தங்கும். 5 டிகிரியில் கரைந்து நிற்கும் அளவில் பாதிகூட 30 டிகிரியில் நிற்காது. அதனால் பீரை மட்டும் குளிர வைத்து, சோடாவைக் கடையிலிருந்து வந்த சூட்டோடு ஊற்றினால் எல்லாம் நுரையாகப் பொங்கி வழிந்துவிடும். டம்ளரில் மிஞ்சுவது சப்பென்ற இனிப்புத் தண்ணீர். பீர், சோடா, பாகு, பிழிந்த சாறு நான்கும் ஒரே குளிர்ச்சியில் இருக்க வேண்டும். முடிந்தால் டம்ளரும்.

ஃப்ரிட்ஜில் 650 மி.லி. பாட்டில் நன்றாகக் குளிர நாலைந்து மணி நேரம் ஆகும். ஃப்ரீசரில் வைத்து மறந்தால் பீர் உறைந்து, பாட்டில் வெடிக்கும். அவசரத்துக்கு அகலமான அண்டாவில் உடைத்த ஐஸ், அது மூழ்கும் அளவுக்குத் தண்ணீர், இரண்டு கை கல் உப்பு போட்டுப் பாட்டில்களைக் கழுத்துவரை அமுக்கி வையுங்கள். அரை மணி நேரத்தில் கைபட்டால் ஜில்லென்று ஆகிவிடும். தண்ணீர் ஊற்றாமல் வெறும் ஐஸை மட்டும் குவித்தால் பாட்டிலைச் சுற்றிக் காற்றுதான் இருக்கும், குளிர் ஏறாது. மீன் கடைக்குப் போகும் பாளம் ஐஸை இந்த அண்டாவோடு நிறுத்திக்கொள்ளுங்கள், டம்ளரில் போடாதீர்கள். அது குடிநீரில் உறைய வைத்தது என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. டம்ளருக்கு ஐஸ் வேண்டுமென்றால் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை வீட்டில் உறைய வையுங்கள், பெரிய கட்டிகளாக. சின்னக் கட்டி சீக்கிரம் கரைந்து கலவையை நீர்க்க வைக்கும்.

ஊற்றும் வரிசை எல்லாக் கலவைக்கும் ஒன்றுதான். அடியில் பாகும் சாறும், அடுத்து சோடா, கடைசியில் பீர். டம்ளரைச் சாய்த்து ஓரமாக வழியவிட்டால் பீரின் வேகத்திலேயே எல்லாம் கலந்துவிடும். தலைகீழாக, பீர் நிறைந்த டம்ளரில் பாகை ஊற்றினால் நுரை கொப்பளித்துக் கை முழுக்க வழியும். சர்க்கரையையோ உப்பையோ தூளாகத் தூவினால் இன்னும் மோசம், ஏனென்றால் ஒவ்வொரு துகளும் குமிழி பிறக்கும் இடமாகிவிடும். அதனால்தான் இனிப்பு எப்போதும் பாகாகவே போக வேண்டும், சாறும் வடிகட்டியே போக வேண்டும். கலக்கித்தான் ஆக வேண்டுமென்றால் நீளமான கரண்டியை அடிவரை விட்டு ஒரே ஒரு முறை மேலே தூக்குங்கள், போதும்.

டம்ளரில் எண்ணெய்ப் பசையோ சோப்பு மிச்சமோ இருந்தால் நுரை நிற்காது. வறுவல் தின்ற உதடு பட்டாலே நுரை அடங்கிவிடும். எவர்சில்வர் டம்ளர் தாராளமாக ஆகும், கண்ணாடியைவிடச் சீக்கிரம் குளிரும். பரணிலிருந்து இறக்கிய பித்தளைச் செம்பு பார்க்க அழகுதான். ஆனால் ஈயம் பூசாத பித்தளையில் எலுமிச்சைச் சாறு பட்டால் உலோகம் கரைந்து வாயில் செம்புக் காசைச் சப்பியது மாதிரி ஆகிவிடும். செம்பைச் சும்மா மேசையில் வைத்து அழகு பாருங்கள்.

எலுமிச்சை ஷாண்டி

மற்ற கலவைகளை எல்லாம் அளந்து பார்க்க இதுதான் உரைகல். ஜெர்மனியில் இதற்கு ராட்லர் என்று பெயர். 1922-இல் மியூனிக் அருகே டைசன்ஹோஃபனில் ஃபிரான்ஸ் குக்லர் என்ற விடுதிக்காரர், சைக்கிள்காரர்கள் திரண்டு வந்து பீர் தீரும் நிலையில், கையிலிருந்த எலுமிச்சை சோடாவைச் சேர்த்துச் சமாளித்தார் என்று கதை சொல்வார்கள். பவேரியாவில் அதற்கு முன்பே இந்தக் கலவை இருந்தது. கதை எப்படியோ, பாதிக்குப் பாதி என்ற அளவு மட்டும் நிலைத்துவிட்டது.

முதலில் பாகு. 250 கிராம் சர்க்கரை, 250 மி.லி. தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. சர்க்கரை கரையும் வரை சூடாக்கினால் போதும், கம்பிப் பதமெல்லாம் வேண்டாம். சுமார் 400 மி.லி. வரும். உப்பு சுவைக்காக இல்லை. நாக்கில் கசப்பை மட்டுப்படுத்தும் வேலையைச் சர்க்கரையைவிடக் குறைந்த அளவில் செய்துவிடும்.

300 மி.லி. டம்ளர் ஒன்றுக்கு: பாகு 25 மி.லி., வடிகட்டிய எலுமிச்சைச் சாறு 20 மி.லி., சோடா 105 மி.லி., லேகர் 150 மி.லி. நல்ல பழமாக இருந்தால் ஒன்றிலேயே 20 மி.லி. சாறு வரும். பிழியும்போது தோலைத் திருப்பித் திருப்பி நசுக்காதீர்கள். வெள்ளைப் பகுதியின் கசப்பு இறங்கி, ஹாப்ஸ் கசப்போடு கைகோத்துக்கொள்ளும். விதையை நசுக்கினாலும் அதே கதி. நார்த்தங்காயில் செய்து பார்க்கும் ஆசை வந்தால் சாற்றை மட்டும் மெல்லப் பிழிந்து எடுங்கள். தோலைச் சீவிப் போட்டால் கசப்பு இரட்டிப்பாகும்.

பிழிந்த சாறு இரண்டு மூன்று மணி நேரத்தில் மணம் மங்கிக் கசக்கத் தொடங்கும். பாகை முந்தின நாளே செய்து வைக்கலாம், எலுமிச்சையை அன்று மாலைதான் பிழிய வேண்டும். ஸ்ப்ரைட், செவன் அப் போன்றவற்றை ஊற்றியும் ஷாண்டி ஆக்கலாம். ஆனால் அவற்றில் இனிப்புக்கு ஈடான புளிப்பு இல்லை. டம்ளருக்கு 10 மி.லி. எலுமிச்சைச் சாறு சேர்த்தால்தான் நிமிர்ந்து நிற்கும்.

காரத்தோடு இது ஏன் ஒத்துப்போகிறது? மிளகாயின் எரிச்சலைத் தண்ணீர் கரைக்காது, இந்த அளவு ஆல்கஹாலும் கரைக்காது. இனிப்பு மட்டும் எரிச்சலைச் சற்றுத் தணிக்கும். கேஸ் எதிர்வேலை செய்யும். கரியமில வாயு நாக்கில் ஏற்படுத்தும் குத்தலும் எரிச்சலின் கூட்டாளிதான். அதனால் காய்ந்த மிளகாய் தூக்கலான உப்புக்கறியோ கோழி வறுவலோ இலையில் விழும் நேரத்தில், சோடாவில் பாதியை வெறும் குளிர்ந்த தண்ணீராக மாற்றி, பாகை 30 மி.லி. ஆக்குங்கள். சப்பென்று தோன்றும் அந்தக் கலவைதான் கறியோடு சேரும்போது சரியாக இருக்கும்.

நன்னாரி–எலுமிச்சை

நன்னாரி வேரின் வாசம் வனிலாவின் வாசத்துக்கு நெருங்கிய உறவு. இரண்டுக்கும் மணம் தரும் சேர்மங்கள் ஒரே அணுக்களின் வேறு வேறு அடுக்குகள்தான். லேகரின் ரொட்டி வாசத்தோடு அந்த மணம் இழைந்துபோகும். ஆனாலும் வெறும் நன்னாரி சர்பத்தை பீரில் ஊற்றியவர்கள் பெரும்பாலும் இரண்டாவது டம்ளர் கேட்பதில்லை. காரணம் புளிப்பு இல்லாமை.

பெர்லினில் பீரில் ராஸ்பெரி பாகு ஊற்றிக் குடிக்கும் வழக்கம் பழையது. அங்கே அதற்கென்று எடுக்கும் பெர்லினர் வைஸ, லாக்டிக் அமிலம் ஏறிய புளித்த கோதுமை பீர். புளிப்பு பீரிலேயே இருப்பதால் பாகு மட்டும் போதும். நம் லேகரில் கசப்பு உண்டு, புளிப்பு இல்லை. கசப்பும் இனிப்பும் மட்டும் மோதினால் இருமல் மருந்து நினைவுக்கு வரும். எலுமிச்சை நடுவில் வந்தால்தான் சமாதானம். சர்பத் கடைக்காரர் எலுமிச்சை பிழியாமல் நன்னாரி கொடுப்பதில்லை என்பதை யோசித்தால் இது புதுச் செய்தியும் இல்லை.

டம்ளருக்கு நன்னாரி பாகு 20 முதல் 25 மி.லி., எலுமிச்சைச் சாறு 20 மி.லி., சோடா 85 மி.லி., லேகர் 170 மி.லி. கடையில் விற்கும் சர்பத்துகளின் இனிப்பு ஒன்றுக்கொன்று மாறும், அதனால் 20-இல் தொடங்குங்கள். நிறத்துக்குச் சாயம் ஏற்றியவற்றில் டம்ளர் கருத்துப்போய், பீரின் பொன்னிறம் காணாமல் போகும்.

வீட்டில் செய்வது கஷ்டமில்லை. 50 கிராம் நன்னாரி வேரை மண் போகக் கழுவி, உலக்கையால் லேசாகத் தட்டி, நடுவில் உள்ள வெள்ளைக் கட்டையை உருவி எறியுங்கள். வாசம் எல்லாம் பட்டையில்தான். பட்டையை இடித்து, கொதித்து இறக்கிய 500 மி.லி. தண்ணீரில் போட்டு மூடி, இரவு முழுக்க ஊறவையுங்கள். காலையில் துணியில் வடிகட்டி, 500 கிராம் சர்க்கரை சேர்த்துக் கரையும் வரை மட்டும் சூடாக்கி, ஒரு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு விட்டு இறக்குங்கள்.  வேரைத் தண்ணீரோடு போட்டுத் தளதளவென்று கொதிக்கவிட்டால் மணம் ஆவியோடு வீட்டைச் சுற்றிப் போய்விடும், பாகில் மருந்து வாடைதான் மிஞ்சும்.

சிலர் ஊறிய சப்ஜா விதையையும் போடுவார்கள். விதையில் குமிழி ஒட்டி மேலே தூக்கும், மேலே வந்ததும் குமிழி உடைந்து விதை கீழே இறங்கும். குழந்தை போல் வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கலாம். ஆனால் அதற்குள் கேஸ் பாதி தீர்ந்துவிடும்.

இதைச் சாப்பாட்டுக்கு முன் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கல்பாசி, மராட்டி மொக்கு, அன்னாசிப்பூ போட்ட குழம்பு வந்துவிட்டால் அந்த வாசத்தின் முன் நன்னாரி எடுபடாது. வெள்ளைப் பணியாரம், தேன்குழல், சீப்பு சீடை போன்றவற்றோடு பிரமாதமாக இருக்கும்.

இஞ்சி ஷாண்டி

எலுமிச்சைக்கு முன் இங்கிலாந்தில் ஷாண்டி என்றால் பீரும் இஞ்சி பீரும் கலந்ததுதான். மணத்தில் இதை அடித்துக்கொள்ள முடியாது. வேலைதான் கூடுதல்.

100 கிராம் இஞ்சியைத் தோல் சீவித் துருவி, 50 மி.லி. தண்ணீர் தெளித்துத் துணியில் பிழியுங்கள். பிழிந்ததை அசைக்காமல் இருபது நிமிடம் வைத்தால் அடியில் வெள்ளையாக ஒரு படிவு இறங்கும். அது மாவுச்சத்து. தெளிந்ததை மட்டும் மேலாக இறுத்துக்கொண்டு படிவைக் கொட்டிவிடுங்கள். சேர்த்தால் பாகு கஞ்சி மாதிரி கொழகொழக்கும், டம்ளரில் நுரை பொங்கும். 200 கிராம் சர்க்கரையை 150 மி.லி. தண்ணீரில் கரைத்து அடுப்பை அணைத்து, சூடு தணிந்ததும் இஞ்சிச் சாற்றைச் சேருங்கள். டம்ளருக்கு இந்தப் பாகு 30 மி.லி., எலுமிச்சைச் சாறு 15 மி.லி., சோடா 105 மி.லி., லேகர் 150 மி.லி. சுக்குப் பொடியைக் குறுக்கு வழியாக எடுக்காதீர்கள். இஞ்சி காயும்போது அதன் காரம் இன்னும் கூர்மையாகிறது, பச்சை மணமோ போய்விடுகிறது. துகள்கள் நுரையைக் கிளப்புவது தனிக் கணக்கு.

காரச் சாப்பாட்டோடு வேண்டாம் என்றது இதனால்தான்: இஞ்சியின் எரிப்பு, மிளகு மிளகாயின் எரிப்பு, கேஸின் குத்தல் மூன்றும் ஒரே இடத்தில் விழும். நாலாவது கவளத்தில் நாக்கு மரத்து, கோழியின் ருசியும் தெரியாது, பீரின் ருசியும் தெரியாது. வாழைப்பூ வடை, அதிகம் மசாலா ஏறாத மீன் வறுவல் மாதிரி எண்ணெய்ப் பண்டங்களோடு கொடுத்தால் இஞ்சி வாயைச் சுத்தமாக வைத்திருக்கும். மார்கழி, தையில் இதைத்தான் முதலில் வைப்போம்.

பொவன்டோ, பன்னீர் சோடா

ஜெர்மனியில் பீரும் கோலாவும் கலந்ததை டீசல் என்பார்கள், நிறத்தைப் பார்த்து வைத்த பெயர். நம் பக்கம் கோலாவின் இடத்தில் பொவன்டோ நன்றாகவே உட்காரும். 1916-இல் விருதுநகரில் தொடங்கிய காளிமார்க்கின் கலர் இது. திராட்சை வாசம் இருப்பதால் கோலாவைவிட பீரோடு இதமாகச் சேர்கிறது. குளிர்ந்த பொவன்டோ 120 மி.லி., எலுமிச்சைச் சாறு 10 மி.லி., லேகர் 170 மி.லி. முதலில் பொவன்டோவை ஊற்றி நுரை அடங்கும்வரை பொறுங்கள். இரண்டு நுரையும் ஒன்றாகக் கிளம்பினால் டம்ளர் தாங்காது. ஸ்ட்ராங் மட்டுமே கிடைத்த நாளில் அதன் சூட்டை ஓரளவு மூடக்கூடியதும் இதுதான், அப்போது பீரை 100-க்குக் குறைத்து மிச்சத்தைப் பொவன்டோவால் நிரப்புங்கள். மூடுவதாலேயே எண்ணிக்கையில் கவனம் வேண்டும்.

இனிப்பு உங்கள் கையில் இல்லை என்பதுதான் இதன் குறை. கோலா வகைகளில் 100 மி.லி.க்குப் பத்துப் பதினோரு கிராம் சர்க்கரை இருப்பது வழக்கம். எலுமிச்சை ஷாண்டியில் டம்ளருக்குச் சுமார் 15 கிராம் நாம் சேர்க்கிறோம், வேண்டுமென்றால் பாதியாக்கலாம். இங்கே அது முடியாது. கோலாவாக இருந்தால் கஃபீனும் உண்டு. களைப்பு தெரியாது, அதனால் அளவும் தெரியாது.

பன்னீர் சோடா பலருக்கும் தோன்றும் யோசனை. பன்னீர் வாசமும் ஹாப்ஸ் வாசமும் இரண்டுமே பூ வாசம் என்பதால் ஒத்துப்போகும் என்று நினைப்போம். வாயில் வைத்தால் சோப்புக் கட்டி. எலுமிச்சைச் சாறு 20 மி.லி.யும் ஒரு சிட்டிகை உப்பும் முதலில் போட்டு, பன்னீர் சோடாவை 80 மி.லி.க்கு மேல் போகவிடாமல், மிச்சத்துக்குச் சாதா சோடாவும் பீரும் ஊற்றினால் தேறும். பிரான்சில் மொனாக்கோ என்று ஒன்று உண்டு: எலுமிச்சை சோடா ஷாண்டியில் மாதுளைப் பாகு விட்ட சிவப்புக் கலவை. சிவப்புதான் வேண்டுமென்றால் மாதுளையைப் பிழிந்து அந்த வழியில் போவது மேல்.

மாம்பழம், கருப்பட்டி

மாம்பழத்தில் நார் இல்லாத வகையாக எடுங்கள். பங்கனப்பள்ளி, இமாம் பசந்து சரி. கிளிமூக்கு வேண்டாம். கூழை அரைத்து, மெல்லிய வலையில் கட்டாயம் வடிகட்டுங்கள். கூழ் 60 மி.லி., எலுமிச்சைச் சாறு 15 மி.லி. இரண்டையும் டம்ளரில் விட்டு, பீரில் இரண்டு மூன்று ஸ்பூன் மட்டும் ஊற்றிக் கரைத்துக்கொண்டு, பிறகு 180 மி.லி. வரை மெதுவாக நிரப்புங்கள். கூழ் கெட்டியாகவே அடியில் கிடந்தால் கடைசி வரை கீழேயே உட்கார்ந்திருக்கும். மேலே மூன்று விரல் இடம் விடுங்கள், மாம்பழ நுரை அடங்காப்பிடாரி. கோதுமை பீர் கிடைத்தால் இதற்கு அதுதான் பொருத்தம். சாப்பாட்டுக்குப் பிறகு, இனிப்புக்குப் பதிலாகக் கொடுக்கலாம்.

கருப்பட்டிப் பாகுக்கு ஜோடி கறுப்பு பீரான ஸ்டவுட். வறுத்த மால்ட்டின் காப்பி வாசமும் கருப்பட்டியின் புகை வாசமும் பொருந்தும். 100 கிராம் கருப்பட்டியை 100 மி.லி. தண்ணீரில் கரைத்து மண் போக வடிகட்டி, 200 மி.லி. ஸ்டவுட்டுக்கு 15 மி.லி. போதும். வனிலா ஐஸ்கிரீம் வைப்பதானால் பீரை ஊற்றிய பிறகு மேலே மெதுவாக வையுங்கள், எலுமிச்சை ஒரு சொட்டும் வேண்டாம், பால் திரியும். நம் மாவட்டக் கடைகளில் ஸ்டவுட் எப்போதாவதுதான் கண்ணில் படும். லேகரில் கருப்பட்டி விட்டால் சேற்று நிறமும் கலங்கிய ருசியும்தான் மிச்சம். புதுச்சேரியிலிருந்து பாட்டில் கொண்டுவரச் சொல்வது சட்டப்படி குற்றம், ஒரு டம்ளர் கலவைக்கு அது தேவையில்லை.

ஹாட் சேர்ந்த கலவைகள்

பீர், டெக்கிலா அல்லது ரம், எலுமிச்சை, சர்க்கரை சேர்ந்த கலவைகள் வெளிநாட்டு மெனுக்களில் அழகாக இருக்கும். 150 மி.லி. லேகரில் 7.5 மி.லி. ஆல்கஹால். அதில் 45 மி.லி. ரம் சேர்த்தால் இன்னும் 19 மி.லி. ஏறும். எலுமிச்சை ஷாண்டி மூன்றரை டம்ளர் குடிப்பதும் இது ஒன்று குடிப்பதும் சமம், ருசியில் மட்டும் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். கசப்பு பிடிக்காதவர்தான் இதை மடமடவென்று குடிப்பார். இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

எட்டுப் பேருக்குக் கணக்கு

ஆளுக்கு 300 மி.லி. டம்ளரில் இரண்டு என்றால் 16 டம்ளர். எலுமிச்சை ஷாண்டிக்கு லேகர் 650 மி.லி. பாட்டில் நான்கு, மேலே சொன்ன அளவில் ஒரு முறை காய்ச்சிய பாகு, எலுமிச்சை 16 முதல் 18, சோடா 1.7 லிட்டர். கோலி சோடா 200 மி.லி. என்றால் ஒன்பது பாட்டில். ஜக்கில் மொத்தமாகக் கலந்து வைக்காதீர்கள். பாகும் சாறும் மட்டும் ஜக்கில் கலந்து ஃப்ரிட்ஜில் இருக்கட்டும். டம்ளருக்கு 45 மி.லி. அளந்து விட்டு, சோடாவும் பீரும் அவ்வப்போது திறந்து ஊற்றுங்கள். திறந்த பாட்டிலை முழுதாகத் தீர்த்த பிறகே அடுத்ததைத் திறக்க வேண்டும். குடிக்காதவர்களுக்கு அதே ஜக்கிலிருந்து 45 மி.லி., மேலே முழுக்க சோடா.

டாஸ்மாக் பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10-க்கு மூடும். காந்தி ஜெயந்தி, திருவள்ளுவர் தினம், மே தினம் போன்ற நாட்களில் கடை இல்லை, தேதி குறிக்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். 21 வயது நிறையாதவர்களுக்கு ஷாண்டியும் மதுதான். சர்க்கரை நோய் உள்ளவருக்கு இந்தப் பட்டியலில் எதுவும் பொருந்தாது. வண்டி ஓட்டுபவருக்கும்தான்.

கலக்காத பீர் கேஸ் போய் மிஞ்சினால் பஜ்ஜி மாவில் தண்ணீருக்குப் பதிலாக ஊற்றலாம், நிறமும் வாசமும் நன்றாக வரும். மிஞ்சிய ஷாண்டியை ஊற்றாதீர்கள். சர்க்கரை முதலில் கருகி, உள்ளே வாழைக்காய் வேகாமலே பஜ்ஜி கறுத்துவிடும்.